இருபத்தைந்து முதல் முப்பது வரை

பாலிதாங்கா
5 டிசம்பர் 1993

அன்புள்ள ஜிம்லி,

ஆசிகள். நீ கொடுத்த பதினைந்து படிவங்களில் ஒன்பதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மீதி ஆறும் வெற்றுத் தாளாக என் மேஜைமேல் இருக்கின்றன. ஏன் என்று கேட்பாய். முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

துர்கா பூஜைக்கு வந்தபோது நீ கொடுத்த குறிப்புத் தாளில் மூன்று விதிகள் இருந்தன. கேள்வியை விளக்கக் கூடாது. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பதில் சொல்பவர் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். மூன்றாவது விதியை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. குடும்பத்தோடு வாழும் முதியவர்கள் வேண்டும் என்கிறாய். அவர்கள் தனியாகவும் அகப்பட வேண்டும் என்கிறாய்.

ஆண்கள் ஒன்பது பேரையும் பிடித்துவிட்டேன். படித்துறை, டீக்கடை, நாவிதர் கடை. அதிலும் எனக்கு நிம்மதி இல்லை. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பதிக் சக்ரவர்த்தி ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டார்.

"'மனசு வெறுமையா இருக்கா'ன்னு கேக்கறியே, எந்த நேரத்துல? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"விளக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, பதிக்-தா."

"அப்ப உனக்கும் தெரியாது."

"தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"முப்பத்தோரு வருஷம் ஆத்துத் தண்ணியில குச்சியப் பாத்துக்கிட்டு நின்னவன்கிட்ட வேற என்னத்தக் கேக்கறது" என்று சொல்லி, 'எப்போதாவது' என்பதில் குறி போட்டார். வீட்டுக்குப் போனவர் அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். தாளை வாங்கி, அதை அடித்து 'அடிக்கடி' என்பதில் குறி போட்டுவிட்டுப் போனார். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் இருக்கிறது. உன் ஆசிரியை கேட்டால் சொல்.

மீதி ஆறும் நீ கேட்ட விதவைப் பெண்கள். ஷைலபாலா பிஸ்வாஸ் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், மற்ற ஐந்தும் அதே கதை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மருமகள் வாசற்படியில் நின்றுகொண்டாள். நான் மூன்றாவது கேள்வியைப் படித்தேன்: உங்கள் பேச்சைக் கேட்க வீட்டில் யாருமில்லை என்று தோன்றுகிறதா?

"அதெப்படித் தோணும்? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றாள் மருமகள். "ஒருபோதும் இல்லைன்னு எழுதிக்கோங்க காகா."

"நீ கொஞ்சம் உள்ள போம்மா."

"எதுக்குப் போகணும்? நான் கேக்கக் கூடாத பேச்சு என்ன இருக்கு இதுல?"

ஷைலபாலா முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகள் பக்கம் தலையாட்டி, "பௌமா சொல்றத எழுதிக்கோ அபனி" என்றாள். நான் தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அது அவள் பதில் இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் ஹானர்ஸ் படிக்கிறவளுக்கு அறிவுரை சொல்லக் கூடாது. ஆனால் உன் மூன்றாவது விதி இந்த ஊரில் பெண்களுக்குச் செல்லாது என்பதை உங்கள் உளவியல் துறைக்குத் தெரிவி.

இப்படிக்கு,
மேஜோமாமா


கல்கத்தா, மாணவியர் விடுதி
12 டிசம்பர் 1993

பூஜ்ய மேஜோமாமாவுக்கு,

ப்ரணாம். ஒன்பதும் வந்து சேர்ந்தன. நீங்கள் அலைந்தது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது போதாது.

தனியாக வாழ்கிற முதியவர்கள் பதினைந்து பேரை வடக்குக் கல்கத்தாவில் நானே தேடிக் கேட்டு முடித்துவிட்டேன். ஒன்று முதல் பதினைந்துவரை அவர்கள். குடும்பத்தோடு வாழ்கிறவர்களும் பதினைந்து பேர் வேண்டும். அவர்களில் ஆறு பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று மஞ்சுஸ்ரீ-தி சொல்லிவிட்டார். எங்கள் ஆய்வுக்கு அவர்தான் வழிகாட்டி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்படைக்கவே முடியும். தனியாக வாழ்கிறவர்களைவிடக் குடும்பத்தோடு வாழ்கிறவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு. நான் காட்ட வேண்டியது அவ்வளவுதான்.

போன வருடம் புள்ளியியல் தாளில் நான் என்ன வாங்கினேன் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். ஹானர்ஸ் தாள்களில் மொத்தமாக நூற்றுக்கு நாற்பது வராவிட்டால் ஹானர்ஸை வெட்டிவிடுவார்கள். மூன்று வருடம் படித்துவிட்டு வெறும் பாஸ் பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். எம்.ஏ. கிடையாது. என்னைப் பெண் கேட்டு வந்த பாராக்பூர் வீட்டாருக்கு பாபா இன்னும் சரி என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பது என் ஹானர்ஸுக்காக மட்டும்தான். அது போனால் அவருக்கு இழுக்கக் காரணம் இல்லை. இந்த ஆய்வு என்னைத் தூக்கிவிட வேண்டும் மாமா. வேறு எதிலும் எனக்கு மதிப்பெண் வராது.

ஆகவே மறுபடியும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மருமகள் சொன்னதையே எழுதிக்கொண்டு வந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள்
ஜிம்லி


பாலிதாங்கா
19 டிசம்பர் 1993

அன்புள்ள ஜிம்லி,

ஆசிகள். உன் கடைசி வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

மறுபடியும் போனேன். ஷைலபாலா வீட்டில் மருமகளுக்குப் பதிலாக இந்த முறை பேரன் மனைவி நின்றாள். பெண்கள் குளிக்கும் துறைக்குப் போகலாம் என்று பதிக்-தா யோசனை சொன்னார். அறுபத்தாறு வயதில் காகிதக் கட்டோடு அங்கே போய் நின்றால் உன் ஆய்வு முடியுமோ இல்லையோ, என் பெயர் முடிந்துவிடும்.

பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியை பீணாவிடம் ஆறு தாளையும் கொடுத்து அனுப்பினேன். பெண் போனால் விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஆறையும் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாத் தாளிலும், எல்லாக் கேள்விக்கும், 'ஒருபோதும் இல்லை'.

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?"

"ஆறு பேரையும் பிஸ்வாஸ் வீட்டு முற்றத்துல ஒண்ணா உக்கார வெச்சேன் தாதா. நான் படிச்சேன், அவங்க கோரஸா சொன்னாங்க. வீட்டு ஆளுங்களும் சுத்தி நின்னு கேட்டாங்க, எல்லாருக்கும் நல்லாப் பொழுது போச்சு."

ஆறையும் கிழித்துப் போட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

முடியாதது முடியாது. ஒன்பதை வைத்துக்கொண்டு எழுது. ஏன் ஒன்பது என்பதையும் எழுது. 'வீட்டில் பெண்களைத் தனியாகக் கேட்க முடியவில்லை' என்பதும் ஒரு முடிவுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு உங்கள் துறையில் இடம் இல்லை என்றால் அது என்ன துறை?

மேஜோமாமா


கல்கத்தா
4 ஜனவரி 1994

பூஜ்ய மேஜோமாமாவுக்கு,

ப்ரணாம். ஆறு படிவங்களுக்கும் வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். நீங்கள் இனி அலைய வேண்டாம். ஆய்வைத் தட்டச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. நன்றியுரையில் உங்கள் பெயரும் வருகிறது. பீணா-தியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜிம்லி


பாலிதாங்கா
18 பிப்ரவரி 1994

ஜிம்லி,

'என்ன ஏற்பாடு' என்று கேட்டு ஜனவரியில் ஓர் அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. இப்போது எனக்கே தெரிந்துவிட்டது.

சரஸ்வதி பூஜைக்கு உன் அம்மா இங்கே வந்திருந்தாள். உன் ஆய்வின் கார்பன் பிரதியைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தேவியின் காலடியில் வைத்தாள். அன்று புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பதால் நானும் திறக்கவில்லை. மறுநாள் காலை, லதிகா குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன்.

பதினெட்டாம் பக்கம். 'நதியா மாவட்டம் பாலிதாங்காவில் குடும்பத்தோடு வாழும் முதியவர்கள் பதினைந்து பேர்.' பதினாறு முதல் இருபத்துநான்குவரை நான் அனுப்பியவர்கள். இருபத்தைந்து முதல் முப்பதுவரை ஆறு பெண்கள். இந்த ஊரில் யார் அந்த ஆறு பேர்? பெயர் வேண்டாம், தெருவைச் சொல். நான் போய்ப் பார்க்கிறேன்.

நீ சொல்ல மாட்டாய். அப்படி யாரும் இல்லை. உன் பின்னிணைப்பு அட்டவணையே அதைச் சொல்கிறது. நான் அனுப்பிய ஒன்பது பேரின் மொத்தங்கள் இருபத்திரண்டு, அறுபத்தொன்று, முப்பத்தைந்து, ஐம்பத்துநான்கு என்று மேலும் கீழுமாகக் கிடக்கின்றன. உன் ஆறு பேரும் இருபத்துநான்குக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் ஆற்றில் அளவு எடுத்தவன். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இறங்கிப் போய்க் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. எனக்கு முன்னால் இருந்தவன் மழைக்காலத்தில் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தான். அவன் ஏடு என்னுடையதைவிட அழகாக இருக்கும். தண்ணீர் அவன் ஏட்டில் நாளொன்றுக்கு இரண்டு அங்குலம் ஏறும், இரண்டு அங்குலம் இறங்கும். உண்மையான ஆறு அப்படி ஓடாது. நான் அதை மேலே எழுதி அனுப்பினேன். அவன் மேற்பார்வையாளன் ஆனான், நான் கடைசிவரை கம்பத்தடியிலேயே நின்றேன். அது என் விஷயம், விடு.

என் கோபம் நீ பொய் எழுதினாய் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த ஆறு பெண்களிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. ஆளுக்கொருத்தி வாசலில் நின்றுகொண்டு அவர்களுக்காகப் பதில் சொன்னாள். நீ கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்திருக்கிறாய். ஷைலபாலாவுக்குத் தனிமை இல்லை என்று சொல்ல அந்த மருமகளாவது அதே வீட்டில் இருப்பவள்.

உன் வாய்மொழித் தேர்வு மார்ச் இருபத்தைந்தாம் தேதி என்று லதிகா சொன்னாள். அதற்கு முன் அந்த ஆறையும் எடுத்துவிடு. எடுக்காவிட்டால் உன் மஞ்சுஸ்ரீ-திக்கு நான் எழுதுவேன். நன்றியுரையில் இருந்து என் பெயரையும் அடித்துவிடு.

அபனி சிகதார்


கல்கத்தா
24 பிப்ரவரி 1994

மேஜோமாமா,

எழுதுங்கள். எழுதி என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர். விடுதியில் இதற்குத் 'தலையணைப் படிவம்' என்று பெயர். தலையணைமேல் வைத்து நிரப்புவது. பர்ணாலி முப்பதில் இருபதை அப்படித்தான் நிரப்பினாள், அவள்தான் வகுப்பில் முதல். நான் ஆறே ஆறு. அதையும் வேண்டுமென்று செய்யவில்லை. டிசம்பர் முழுக்க உங்கள் தபாலுக்காகக் காத்திருந்தேன். வந்தது உங்கள் பிரசங்கம்.

இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நாற்பது வருடத்துக்கு முன்னால் எந்த நாட்டிலோ எழுதிய கேள்விகளை யாரோ வங்காளத்தில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் புரிகிற மாதிரி மாற்றக் கூடாது. ஆய்வகத்தில் இருக்கிற கருவி மூன்று, அதில் ஓடுவது ஒன்று. சேர்ந்தபோது மனிதர்களைப் புரிந்துகொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். மூன்று வருடமாகக் கட்டம் போட்டு எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகு ஆறு தாளுக்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

உங்களுக்கு இது சுலபம். விட்டுக்கொடுக்காமல் இருந்தால் இழப்பதற்கு உங்களிடம் என்ன இருந்தது? பதவி உயர்வு ஒன்று. நீங்கள் யாரோடும் வாழ்ந்ததில்லை. ஒரு கம்பத்தோடு முப்பத்தோரு வருடம் வாழ்ந்தீர்கள். கம்பத்துக்கு அப்பா கிடையாது, பாராக்பூரில் இருந்து அதைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

என் பெயரைக் கெடுக்க வேண்டும் என்றால் கெடுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவள் அதைத் தேவியின் காலடியில் வைத்தாள்.

சர்பரி


பாலிதாங்கா
3 மார்ச் 1994

சர்பரிக்கு,

வீட்டுப் பெயரை விட்டு முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கம்பத்தோடு வாழ்ந்தவன் என்று எழுதியிருக்கிறாய். உண்மை.

உன் ஆசிரியைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். உறையில் போட்டு முகவரியும் எழுதியாயிற்று. தபால்தலை ஒட்டவில்லை. மார்ச் இருபதுவரை ஒட்ட மாட்டேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் அதற்கு வேலை இல்லை.

லதிகாவிடம் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

பர்ணாலி செய்ததைப் பர்ணாலியின் மாமா பார்த்துக்கொள்ளட்டும்.

அபனி


கல்கத்தா
29 மார்ச் 1994

மேஜோமாமா,

சொல்லிவிட்டேன். உங்கள் உறைக்குப் பயந்து சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது உங்களுக்கு இன்பமாக இருந்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் தேதி மஞ்சுஸ்ரீ-தியின் அறைக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எதற்குத் திட்டினார் தெரியுமா?

"இத ஏன் என்கிட்ட வந்து சொல்றே?"

"பொய்ன்னு தெரிஞ்சும் எப்படி மஞ்சுஸ்ரீ-தி நான்..."

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இதத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். நீ சொல்லாத வரைக்கும் அது உன் ஆய்வு. சொன்னதுக்கப்புறம் அது என் பிரச்சனை. இனிமே நான் எதுல கையெழுத்துப் போடுவேன், சொல்லு."

பிறகு அவரே ஆறையும் சிவப்பு மையால் அடித்தார். ஏழு நாளில் மொத்தக் கணக்கையும் மறுபடி போட்டு, இருபத்துநான்கு பேரை வைத்து முடிவை எழுதி, தட்டச்சுச் செய்து கொடுத்தேன். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு வாழ்கிற உங்கள் ஒன்பது கிழவர்களும் வடக்குக் கல்கத்தாவில் ஒற்றை அறையில் கிடக்கிறவர்களும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "பெண்கள் எங்க?"

"வீட்டுல தனியாப் பேச விடல சார். அதனால சேர்க்க முடியல. எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. சரி. அப்ப இந்த ஆய்வு என்னத்தக் கண்டுபிடிச்சுது?"

"ஒண்ணும் கண்டுபிடிக்கல சார்."

"நேர்மையாத்தான் பேசறீங்க" என்று சொல்லி மூடி வைத்தார். எனக்கு முன்னால் போன பர்ணாலியிடம் இருபது நிமிடம் பேசினார். என்னை நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

ஜிம்லி


(அஞ்சலட்டை)

பாலிதாங்கா
4 ஏப்ரல் 1994

ஜிம்லி,

ஆசிகள். சரியாகச் செய்தாய். உறையைக் கிழித்துவிட்டேன். அந்தத் தேர்வாளருக்குப் படிக்கத் தெரியவில்லை. வித்தியாசம் இல்லை என்பதே நீ கண்டுபிடித்தது. இதை அவரிடம் ஏன் சொல்லவில்லை?

மேஜோமாமா


சிராம்பூர்
22 ஜூலை 1994

மேஜோமாமா,

முடிவு வந்துவிட்டது. ஹானர்ஸ் போய்விட்டது. ஐந்து மதிப்பெண்ணில். ஆய்வுக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டிருக்கிறார்கள். பர்ணாலிக்கு எழுபத்திரண்டு.

விடுதியைக் காலி செய்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பாபா அன்று மாலையே பாராக்பூருக்குப் போய்விட்டு வந்தார். நவம்பர் கடைசியில், அக்ரஹாயண் மாதத்தில் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறார்கள். அம்மா என்னிடம் கேட்டாள், "நல்லாத்தானே எழுதினே, என்னதான்டி ஆச்சு?" என்ன சொல்வது? மாமாவிடம் கேள் என்றா?

அடுத்த வருடம் ஹானர்ஸ் தாள்களை மட்டும் மறுபடி எழுதலாமாம். ஆனால் ஆய்வைப் புதிதாகச் செய்ய வேண்டும். மஞ்சுஸ்ரீ-தி என்னை எடுக்க மாட்டார். எடுத்தாலும் அந்த ஆறு பெண்களுக்கு மறுபடி எங்கே போவேன்? பிஸ்வாஸ் வீட்டு வாசலில் மருமகள் அப்படியேதான் நின்றுகொண்டிருப்பாள்.

நீங்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் உங்களோடு சண்டையாவது போடலாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சர்பரி


பாலிதாங்கா
15 நவம்பர் 1994

ஜிம்லி,

எழுத வேண்டாம் என்றாய், நான்கு மாதம் எழுதவில்லை. பூஜைக்கும் நீ வரவில்லை. இப்போது அனுப்புவதற்கு ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நான் சொன்னதில் எதையும் திரும்பப் பெறுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

போன வாரம் இங்கே உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் கண்புரை முகாம் நடந்தது. அறுவை முடிந்தவர்களை மூன்று நாள் வகுப்பறையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். தொற்று வரும் என்று குடும்பத்து ஆட்கள் யாரையும் கேட்டைத் தாண்ட விடவில்லை. பெயர்ப் பதிவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கிழித்துப் போட்ட ஆறுக்குப் பதிலாக உன் ஆய்வின் பின்னிணைப்பைப் பார்த்து ஆறு படிவங்களைக் கையால் எழுதி வைத்திருந்தேன், அவற்றோடு அந்த மூன்று நாளும் நான் உள்ளே இருந்தேன்.

ஏழாம் வகுப்பு அறையில் ஷைலபாலா இருந்தாள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் புரை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் கேட்டாள்.

"அபனிதானே? குரல் தெரியுது. அந்தக் கேள்வித்தாளத் தூக்கிக்கிட்டு இங்கயும் வந்துட்டியா?"

"பிடிக்கலன்னா போயிடறேன்."

"இரு. பௌமா எங்க?"

"கேட்டுக்கு வெளிய."

"அப்பப் படி."

மூன்றாவது கேள்வியைப் படித்தேன்.

"பௌமா நல்லவ. குறை சொல்ல மாட்டேன். காலைல 'மா, டீ'ம்பா. பொழுது சாஞ்சதும் 'மா, சோறு'ம்பா. ரெண்டுக்கும் நடுவுல யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல. இதுக்கு உன் காகிதத்துல என்ன பேரு?"

"நான் விளக்கக் கூடாது. நாலு பதில் படிக்கறேன், நீயே எடு."

'எப்போதும்' என்பதை எடுத்தாள். மற்ற கேள்விகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு பதிலை எடுத்தாள். முடிந்து தாளை மடித்தபோது, "அவ்வளவுதானா? இன்னும் இல்லயா?" என்றாள். இருபதுதான் என்றேன். "கல்கத்தாப் பொண்ணுகிட்ட இன்னும் கொஞ்சம் எழுதி அனுப்பச் சொல்லு. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

எல்லாரும் அப்படி இல்லை. அடுத்த கட்டிலில் இருந்த கிரணசசி பால் எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றாள். பயந்து சொல்லவில்லை. "எம்பேச்சக் கேக்க ஆளா? நான் வாயத் தொறந்தா வீடே எந்திரிச்சு ஓடுது, ஒவ்வொருத்தரயா தொரத்திப் புடிச்சுச் சொல்வேன்" என்று அந்த வரிசையே சிரிக்கும்படி சொன்னாள். மூன்றாவது தருலதா மஜும்தார். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நடுவில் மருத்துவர் வந்துவிட்டார், பிறகு தொடர்ந்தோம்.

ஆறில் மூன்று பேர்தான் முகாமுக்கு வந்தார்கள். மற்ற மூவர் வரவில்லை. ஒருத்தி ஆவணி மாதமே இறந்துபோனாள். அவளுடைய படிவம் காலியாகவே இருக்கட்டும்.

மூன்றையும் வைத்திருக்கிறேன். உனக்கு இனி இவை எதற்கும் பயன்படாது என்று தெரியும். நீ பாராக்பூருக்குப் போகிறவள். அவர்கள் சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன். கேட்கச் சொன்னவள் நீ. ஆகவே சேர வேண்டிய இடம் உன்னிடம்தான். இஷ்டம் போல் செய்.

மேஜோமாமா


சிராம்பூர்
23 நவம்பர் 1994

பூஜ்ய மேஜோமாமாவுக்கு,

ப்ரணாம். மூன்று படிவங்களும் வந்தன. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன்.

மொத்தம் போட்டுப் பார்த்தேன். ஷைலபாலா அறுபத்தாறு, கிரணசசி இருபது. நான் தலையணைமேல் எழுதிய ஆறு பேரில் ஒருத்திகூட இவர்களைப் போல இல்லை.

நேற்று கல்கத்தாவுக்குப் போனேன். மஞ்சுஸ்ரீ-தி அறைக்குள் விடவில்லை, தாழ்வாரத்திலேயே நிற்கவைத்துப் பேசினார். படிவங்களைக் கையில் வாங்கினார். ஷைலபாலாவுடையதை நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். பக்க ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த டீ, சோறு எல்லாவற்றையும். "இத யார் எடுத்தது?" என்றார். என் மாமா என்றேன். "வேலைக்கு வருவாரா?" என்றார். சிரிக்கவில்லை. பிறகு, பெண்களை மட்டும் வைத்துச் செய்வதாக இருந்தால் வா, இருபது பேராவது வேண்டும், ஒன்றுகூடத் தலையணை இருக்கக் கூடாது என்றார். டிசம்பர் ஐந்துக்குள் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

பாராக்பூர்க்காரர்களிடம் பரீட்சை முடியட்டும் என்று பாபா சொல்லியிருக்கிறார். அம்மா அவரை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அத்தனை மாதம் அவர்கள் பொறுப்பார்களா என்பதும் தெரியாது. உங்கள்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். அந்த ஐந்து மதிப்பெண்ணை நான் மறக்கப் போவதில்லை.

அடுத்த கண் முகாம் எங்கே, எந்தத் தேதியில் என்று விசாரித்து எழுதுங்கள். நானே வருகிறேன்.

ஒரு விஷயம். தருலதா மஜும்தாரின் படிவத்தில் பதினொன்றாவது கேள்வி காலியாக இருக்கிறது. மருத்துவர் வந்தபோது நீங்கள் விட்டுவிட்டீர்களா, இல்லை அவர் பதில் சொல்லவில்லையா? கேட்டு எழுதுங்கள். தெரியாமல் நான் அதில் எதுவும் போட முடியாது.

உங்கள்
ஜிம்லி